ஆன்டிபாடி ஒட்டினால் லிம்போசைட் விழிக்குமா, அடங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இம்யூனாலஜி ஆய்வகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள் கேட்பதும், வீட்டில் யாருக்காவது 'மாப்' என்று முடியும் ஊசி மருந்து எழுதப்பட்டவர்கள் கேட்பதும் பல நேரம் ஒரே கேள்விதான்: இந்த ஆன்டிபாடி லிம்போசைட்டை, அதாவது டி செல், பி செல் போன்ற நோயெதிர்ப்பு வெள்ளணுவை, தூண்டுகிறதா, அடக்குகிறதா? ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. அந்தப் பதில் ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

லிம்போசைட்டின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதத்தில் ஆன்டிபாடி போய் ஒட்டினால் என்ன நடக்கும்?

ஐந்தாறு விஷயங்கள் நடக்கலாம். அந்தப் புரதத்தோடு வழக்கமாகச் சேரும் இன்னொரு மூலக்கூறு அண்ட முடியாமல் போகலாம். புரதங்கள் ஒன்றோடொன்று இழுக்கப்பட்டுக் குவிந்து, செல்லுக்குள் சிக்னல் கிளம்பலாம். செல் அந்தப் புரதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மேற்பரப்பில் அது இல்லாமலே கொஞ்ச நாள் சுற்றலாம். ஆன்டிபாடியின் வால் பகுதியை (இலக்கில் ஒட்டும் இரண்டு கைகளுக்கு எதிர்ப்புறம் இருக்கும் எஃப்சி பகுதியை) பார்த்து, நோயெதிர்ப்பு மண்டலத்தின் என்கே செல்லோ மேக்ரோஃபேஜோ காம்ப்ளிமென்ட் புரதங்களோ வந்து அந்த லிம்போசைட்டையே கொன்றுவிடலாம். ஒன்றுமே நடக்காமலும் போகலாம், ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (ஒளிரும் சாயம் கோத்த ஆன்டிபாடியை வைத்துச் செல்களை இனம் பிரித்து எண்ணும் முறையில்) நாம் தினமும் நம்பியிருப்பது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைத்தான்.

இதில் எது நடக்கும் என்பதை "எந்தப் புரதம்" என்ற ஒரே விவரத்தை வைத்துச் சொல்ல முடியாது. புரதத்தின் எந்த மூலையில் ஒட்டுகிறது, கரைசலில் மிதக்கிறதா அல்லது ஒரு பரப்பில் பதிந்திருக்கிறதா, ஆன்டிபாடியின் வால் எந்த வகை, பக்கத்தில் வேறு என்ன செல்கள் இருக்கின்றன, அந்த லிம்போசைட் இதற்கு முன் ஆன்டிஜெனை (தான் அடையாளம் காணும் இலக்குப் பொருளை) பார்த்த செல்லா பார்க்காத செல்லா, இத்தனையும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கின்றன.

சிடி3, சிடி28, சிடி20 என்று எண் போட்டுக் கூப்பிடுவது எங்கிருந்து வந்தது?

1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஹைப்ரிடோமா முறையைக் கண்டுபிடித்த பிறகு, உலகம் முழுக்க ஆய்வகங்கள் மனித வெள்ளணுக்களுக்கு எதிராக மோனோகுளோனல் ஆன்டிபாடிகளை (ஒரே செல் வரிசையிலிருந்து வரும், எல்லாம் ஒரே மாதிரியான ஆன்டிபாடிகளை) உண்டாக்கித் தள்ளின. ஒரே புரதத்துக்கு ஒவ்வொரு ஆய்வகத்திலும் ஒரு பெயர். யாருடைய ஆன்டிபாடி யாருடையதோடு ஒத்துப்போகிறது என்று பார்க்க 1982-இல் பாரிஸில் ஒரு பட்டறை நடத்தினார்கள், ஒரே மாதிரி ஒட்டும் ஆன்டிபாடிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து சிடி (கிளஸ்டர் ஆஃப் டிஃபரன்சியேஷன்) என்ற எழுத்துகளோடு எண் கொடுத்தார்கள். ஆக அந்த எண் முதலில் ஆன்டிபாடிக் கூட்டத்தின் எண்ணாகத்தான் பிறந்தது. புரதம் என்ன வேலை செய்கிறது என்பது பல சமயம் அதற்கப்புறம்தான் தெரிந்தது.

ஓகேடி3 டி செல்லைத் தூண்டும் என்று ஒரு இடத்திலும், அடக்கும் மருந்து என்று இன்னொரு இடத்திலும் படித்தேன். எது சரி?

இரண்டும் சரி, இந்தத் துறையின் பாதி பாடம் இந்த ஒரே ஆன்டிபாடிக்குள் அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஓகேடி3 ஒரு எலி ஆன்டிபாடி. 1979-இல் பேட்ரிக் குங், கிடியன் கோல்ட்ஸ்டைன் குழுவினர் அதை வெளியிட்டார்கள். டி செல் ஏற்பியோடு கூடவே இருக்கும் சிடி3 தொகுப்பில் அது ஒட்டும். ரத்தத்திலிருந்து பிரித்த ஒற்றை உட்கரு செல்களில் (லிம்போசைட், மோனோசைட் கலவையில்) மிகக் குறைந்த அளவு சேர்த்தாலே போதும், டி செல்கள் வீங்கிப் பெருகத் தொடங்கும். அதாவது, ஆன்டிஜென் எதுவும் இல்லாமலே ஆன்டிஜெனைப் பார்த்தது போல நடந்துகொள்ளும். அதே ஆன்டிபாடியைச் சேர்த்தால், இலக்கு செல்லைக் கொல்ல வந்த சைட்டோடாக்ஸிக் டி செல் தன் வேலையைச் செய்ய முடியாமல் நிற்கும். ஏற்பித் தொகுப்பு மறைக்கப்பட்டு, கொஞ்ச நேரத்தில் உள்ளேயும் இழுக்கப்பட்டுவிடுவதுதான் காரணம்.

மருத்துவர்களுக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டாவது குணம். மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்கும்போது டி செல்லைக் கட்டிப்போட வேண்டுமே. 1985-இல் வெளியான, 123 நோயாளிகளைக் கொண்ட சோதனையில், வழக்கமான ஸ்டீராய்டு சிகிச்சையில் 75 சதவீதம் பேருக்கு நிராகரிப்பு நின்றது, ஓகேடி3 கொடுத்தவர்களில் 94 சதவீதம் பேருக்கு நின்றது. 1986-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மனிதர்களுக்குச் சிகிச்சைக்காக அங்கே அனுமதிக்கப்பட்ட முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி இதுதான்.

ஆனால் முதல் குணம் எங்கேயும் போய்விடவில்லை. முதல் டோஸ் உள்ளே போனதும் டி செல்கள் அடங்குவதற்கு முன்னால் ஒருமுறை தூண்டப்பட்டு, டிஎன்எஃப், இன்டர்ஃபெரான் காமா போன்ற சைட்டோகைன்களை (செல்களுக்கிடையே செய்தி கடத்தும் புரதங்களை) கொட்டும். கடுமையான காய்ச்சல், நடுக்கம், வாந்தி, உடம்பில் ஏற்கெனவே நீர் தேங்கியிருந்தால் நுரையீரல் வீக்கம் வரை போகும். அதனால் முதல் டோஸுக்கு முன்பே ஸ்டீராய்டு கொடுத்துவிடுவார்கள். ரத்தத்திலிருந்து டி செல்கள் சீக்கிரமே காணாமல் போகும், சில நாளில் திரும்பி வரும்போது அவற்றின் மேல் சிடி3 இருக்காது. போதாததற்கு, எலிப் புரதம் என்பதால் நோயாளியின் உடம்பே அதற்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கி மருந்தை வீணாக்கியது. மேலான மருந்துகள் வந்த பிறகு ஓகேடி3 சந்தையிலிருந்து போய்விட்டது. ஆய்வகங்களில் மட்டும் இன்றும் தினசரிப் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆன்டிபாடி ஒட்டினாலே சிக்னல் போய்விடாதா? குறுக்கே பிணைக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் ஒட்டுவது மட்டும் போதாது. ஓகேடி3-இன் ஒரு கையை மட்டும் வெட்டி எடுத்துக் கொடுத்தால் அது சிடி3-இல் நன்றாகவே ஒட்டும், ஆனால் டி செல் பெருகாது. பல ஏற்பிகள் ஓர் இடத்தில் நெருங்கிச் சேர வேண்டும், அப்போதுதான் செல்லுக்குள் சிக்னலைக் கடத்தும் கைனேஸ் என்சைம்கள் வேலையைத் தொடங்கும். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள் இருந்தாலும் கரைசலில் மிதந்தபடி அதனால் பெரிய குவியலை உண்டாக்க முடியாது. அந்தப் பிடிமானத்தைக் கொடுப்பது பக்கத்தில் இருக்கும் மோனோசைட். அதன் எஃப்சி ஏற்பிகள் ஆன்டிபாடியின் வாலைப் பிடித்துக்கொள்வதால் ஆன்டிபாடிகள் ஒரு வரிசையாகப் பதிந்து நிற்கின்றன. மோனோசைட்டை நீக்கிவிட்டுச் சுத்தமான டி செல்லில் அதே ஆன்டிபாடியைக் கரைசலாகச் சேர்த்தால் பதில் சுருங்கிப்போகும். பிளாஸ்டிக் தட்டில் பூசியோ மணிகளில் ஒட்டியோ கொடுத்தால் பதில் திரும்ப வரும்.

எனக்கு மிகவும் பிடித்த சான்று இது. 1980-களின் தொடக்கத்தில், ஐஜிஜி1 என்ற வால் வகையைச் சேர்ந்த எலி சிடி3 ஆன்டிபாடிகளைப் போட்டுப் பார்த்தபோது சிலருடைய செல்கள் மட்டும் அசையவே இல்லை. மருந்தும் அதே, புரதமும் அதே, ஆள் மட்டும்தான் வேறு. அவர்களுடைய டி செல்லில் கோளாறு எதுவும் இல்லை. வித்தியாசம் மோனோசைட்டில் இருக்கும் ஓர் எஃப்சி ஏற்பியின் 131-ஆவது இடத்தில் இருந்தது என்பது பிற்பாடு தெரியவந்தது. அங்கே ஆர்ஜினைன் இருப்பவர்களின் ஏற்பி எலி ஐஜிஜி1-ஐ இறுக்கிப் பிடிக்கும், ஹிஸ்டிடின் இருப்பவர்களின் ஏற்பி சரியாகப் பிடிக்காது. டி செல்லின் பதிலை வேறொரு செல்லில் இருக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம் தீர்மானிக்கிறது.

பி செல்லில் இதற்கு நேர் எதிரான நிலைமை உண்டு. பி செல் ஏற்பியைத் தூண்ட, அந்த ஏற்பியாக இருக்கும் ஐஜிஎம்-க்கு எதிரான முழு ஐஜிஜி ஆன்டிபாடியைப் போட்டால், அதன் வால் அதே பி செல்லில் உள்ள தடுக்கும் வகை எஃப்சி ஏற்பியையும் சேர்த்து இழுத்துவிடும், பதில் மங்கிவிடும். அதனால்தான் வாலை வெட்டிவிட்டு இரண்டு கைகளும் உள்ள துண்டை மட்டும் பயன்படுத்துகிறார்கள்.

ஒரே புரதத்தின் வேறு வேறு இடங்களில் ஒட்டும் ஆன்டிபாடிகள் வேறு வேறு விளைவு தருமா?

தரும். சிடி2 நல்ல உதாரணம். 1984-இல் பாஸ்டனில் மொயர், ஷ்லாஸ்மன், ரைன்ஹெர்ஸ் குழுவினர் காட்டியது இது: சிடி2-இன் இரண்டு வெவ்வேறு இடங்களில் ஒட்டும் இரண்டு ஆன்டிபாடிகளில் எதையும் தனியாகப் போட்டால் டி செல் பெருகவில்லை, இரண்டையும் சேர்த்துப் போட்டால் நன்றாகப் பெருகியது. "சிடி2-க்கு எதிரான ஆன்டிபாடி போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் எந்த குளோன் (எந்தச் செல் வரிசையிலிருந்து வந்த ஆன்டிபாடி) என்று கேளுங்கள்.

இரண்டாவது சிக்னல் என்கிறார்களே, அது என்ன?

டி செல் ஏற்பி வழியாக மட்டும் சிக்னல் வந்தால் செல் முழுதாக விழிப்பதில்லை. சில சமயம் மரத்துப்போன நிலைக்குப் போய், அடுத்த முறை சரியான தூண்டுதல் வந்தாலும் பதில் சொல்லாது. கூடவே சிடி28 வழியாக ஒரு சிக்னல் வேண்டும். இதைத் தெளிவாக்கியதில் சியாட்டிலில் உருவான, சிடி28-இல் ஒட்டும் 9.3 என்ற ஆன்டிபாடிக்குப் பெரிய பங்கு உண்டு. அது தனியாக டி செல்லை ஒன்றும் செய்யாது. சிடி3 ஆன்டிபாடியோடு சேர்ந்தால், டி செல்லைப் பெருகவைக்கும் ஐஎல்-2 என்ற சைட்டோகைனின் உற்பத்தி பல மடங்கு ஏறும். லெட்பெட்டர், கார்ல் ஜூன், தாம்ப்சன் ஆகியோர் 1989-இல் அதற்கு ஒரு காரணத்தையும் காட்டினார்கள்: சிடி28 சிக்னல் ஐஎல்-2-இன் எம்ஆர்என்ஏ (அந்தப் புரதத்தைச் செய்வதற்கான செய்தி நகல்) சீக்கிரம் சிதையாமல் பார்த்துக்கொள்கிறது.

இதன் பலன் இன்று மருத்துவமனையில் தெரிகிறது. கார்-டி சிகிச்சைக்கு (டி செல்லில் புற்றுசெல்லைக் கண்டுபிடிக்கும் செயற்கை ஏற்பியைப் பொருத்தித் திரும்பச் செலுத்தும் சிகிச்சைக்கு) நோயாளியின் டி செல்களை வெளியே எடுத்துப் பெருக்க வேண்டும். சிடி3, சிடி28 இரண்டுக்கும் எதிரான ஆன்டிபாடிகள் பூசிய காந்த மணிகள் அதற்கு மிகப் பரவலாகப் பயன்படும் வழி. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி சிகிச்சைக்குப் பின்னால் கார்ல் ஜூன் குழுவின் இந்த வேலை இருக்கிறது. ஐஐடி பம்பாயும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து வளர்த்த நெக்ஸ்கார்19-க்கு இந்தியாவில் 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது.

2006-இல் லண்டனில் ஆறு பேருக்கு என்ன ஆனது?

இந்தத் துறைக்குள் வரும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

டிஜிஎன்1412 என்பது சிடி28-க்கு எதிரான ஆன்டிபாடி. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹியூனிக் செய்த ஆய்வுகளிலிருந்து வந்தது, டெஜெனெரோ என்ற சிறிய நிறுவனம் மருந்தாக வளர்த்தது. 9.3 மாதிரி ஆன்டிபாடிகளுக்கு சிடி3-இன் துணை வேண்டும். இதற்கு அது தேவையில்லை, சிடி28-இன் பக்கவாட்டு வளையம் ஒன்றில் ஒட்டி, தனியாகவே டி செல்லைக் கிளப்பிவிடும். எலிகளில் இந்த வகை ஆன்டிபாடி கட்டுப்படுத்தும் டி செல்களைத்தான் அதிகமாகப் பெருக்கியது, மூட்டுவீக்க நோய்கள் அடங்கின. மனிதர்களிலும் முடக்குவாதத்துக்கும் ஒரு வகை ரத்தப் புற்றுக்கும் உதவும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

2006 மார்ச் 13 அன்று, நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இருந்த சோதனைப் பிரிவில் எட்டு ஆரோக்கியமான இளைஞர்கள். இரண்டு பேருக்கு வெறும் திரவம், ஆறு பேருக்கு மருந்து, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். ஒருவருக்குக் கொடுத்துச் சுமார் பத்து நிமிடத்தில் அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேருக்கும் தலைவலி, உடம்பு வலி, குமட்டல், காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு. பாதி நாளுக்குள் நுரையீரல், சிறுநீரகம், ரத்த உறைவு என்று வரிசையாகப் பாதிப்பு. ரத்தத்தில் லிம்போசைட்டுகள் கிட்டத்தட்ட இல்லாமலே போயின. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். அந்த மருத்துவமனையின் தீவிர சிகிச்சைக் குழு செய்த வேலைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர் விரல்களின் பகுதிகளை இழந்தார்.

முதல்முறையாக மனித உடம்புக்குள் போகும், டி செல்லை நேராகத் தூண்டும் ஒரு மருந்தை, முதல் ஆளுக்கு என்ன ஆகிறது என்று ஒரு நாள் காத்துப் பார்க்காமல் அடுத்தடுத்து ஆறு பேருக்குக் கொடுத்ததை என்னால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஓகேடி3-இன் முதல் டோஸ் பாதிப்பு அப்போதே இருபது வருடங்களாகத் தெரிந்த விஷயம்.

குரங்கில் ஒன்றும் ஆகவில்லையே? சோதனைக் குழாயிலும் தெரியவில்லையா?

குரங்குகளுக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை கொடுத்திருந்தார்கள், மனிதருக்குக் கொடுத்ததைப் போல 500 மடங்கு. பெரிய பாதிப்பு எதுவும் தெரியவில்லை. அந்த ஆன்டிபாடி ஒட்டும் இடத்தில் குரங்கின் சிடி28-உம் மனித சிடி28-உம் ஒன்றுதான், அதனால் குரங்குச் சோதனை போதும் என்று நினைத்தார்கள். பிரிட்டனின் உயிரியல் தரநிலை நிறுவனத்தில் நடந்த ஆய்வுகளில்தான் வேறுபாடு எங்கே என்று தெரிந்தது: சைட்டோகைன்களை அதிகம் கொட்டும் சிடி4 எஃபெக்டர் மெமரி டி செல்கள் (முன்பே ஆன்டிஜெனைப் பார்த்து, உடனே செயலில் இறங்கத் தயாராக இருப்பவை) மனிதரில் சிடி28-ஐ வைத்திருக்கின்றன, அந்தக் குரங்குகளில் அதே வகைச் செல்களில் சிடி28 இல்லை. சுத்தமான கூண்டுகளில் வளரும் ஆய்வக எலிகளுக்கோ இப்படிப்பட்ட மெமரி செல்களே குறைவு. ஒரு மனிதனின் டி செல்கள் வாழ்நாள் முழுக்கக் கிருமிகளைப் பார்த்துப் பழகியவை.

சோதனைக் குழாய்க் கதையில் எனக்கு இன்னும் அக்கறை அதிகம், ஏனென்றால் அது நம் மேஜையிலேயே நடப்பது. ரத்தத்திலிருந்து பிரித்த செல்களில் டிஜிஎன்1412-ஐக் கரைசலாகச் சேர்த்தபோது ஒன்றுமே நடக்கவில்லை. அதே ஆன்டிபாடியைத் தட்டில் உலர்த்திப் பதித்தபோதும், ரத்தக்குழாய்ச் சுவர் செல்களோடு சேர்த்து வளர்த்தபோதும் டி செல்கள் பெருகின, சைட்டோகைன் கொட்டியது. பின்னர் ஹியூனிக் குழுவே இன்னொன்றைக் கண்டது. பிரித்தெடுத்த செல்களை இரண்டு நாள் மிக நெருக்கமாக, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கோடி என்ற அளவில் வைத்துவிட்டு அதற்கப்புறம் ஆன்டிபாடியைச் சேர்த்தால், கரைசலாகவே இருந்தாலும் பதில் வருகிறது. திசுக்களுக்குள் டி செல்கள் எப்போதும் மற்ற செல்களோடு உரசிக்கொண்டே இருக்கின்றன, அதில் கிடைக்கும் மெல்லிய சிக்னல் அவற்றைத் தயார் நிலையில் வைக்கிறது. ரத்தத்தில் ஓடும்போது அந்தத் தயார்நிலை போய்விடுகிறது. நாம் சோதிப்பது பெரும்பாலும் ரத்தத்திலிருந்து எடுத்த செல்களை.

அதற்கப்புறம் ஏதாவது மாறியதா?

மாறியது. முதல் டோஸை விலங்குக்குத் தீங்கு வராத அளவிலிருந்து கணக்கிடாமல், மனித செல்லில் மிகச் சிறிய விளைவு தெரியும் அளவிலிருந்து கணக்கிட வேண்டும் என்ற வழிமுறை வந்தது. லண்டனில் கொடுத்த டோஸ் உடம்பில் உள்ள சிடி28-இல் சுமார் 90 சதவீதத்தைப் பிடித்திருக்கும் என்று பிற்பாடு மதிப்பிட்டார்கள், முதல் டோஸுக்கு அது எவ்வளவு அதிகம் என்று பாருங்கள். ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போதிய இடைவெளி விட்டே அடுத்தவருக்கு என்பதும் நடைமுறையானது. சைட்டோகைன் வெளியேற்றச் சோதனையில் ஆன்டிபாடியைப் பதித்தும் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அதே ஆன்டிபாடியை டிஏபி08 என்ற புதுப் பெயரில், லண்டன் டோஸில் ஆயிரத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்கி, மெதுவாக ஏற்றி ரஷ்யாவில் மீண்டும் சோதித்தார்கள். இந்த முறை சைட்டோகைன் புயல் வரவில்லை, அடக்கும் தன்மையுள்ள ஐஎல்-10 தான் ஏறியது. அளவு குறைந்தபோது பதிலின் தன்மையே மாறிவிட்டது.

புற்றுநோய்க்குக் கொடுக்கும் இம்யூனோதெரபி ஆன்டிபாடிகளும் இப்படித் தூண்டுவனவா?

இல்லை, இவை தூண்டுவதில்லை, பிரேக்கில் இருக்கும் காலை எடுத்துவிடுகின்றன. சிடிஎல்ஏ-4, பிடி-1 இரண்டும் டி செல்லை அடக்கும் ஏற்பிகள். ஐபிலிமுமாப் சிடிஎல்ஏ-4-ஐ மறைக்கிறது, நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் இரண்டும் பிடி-1-ஐ மறைக்கின்றன. ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுகு ஹொன்ஜோவுக்கும் 2018 நோபல் பரிசு இதற்குத்தான். சைட்டோகைன் ஒரேயடியாகக் கொட்டுவது இங்கே அரிது, பாதிப்பு வந்தால் மெல்ல வரும்: பெருங்குடல் வீக்கம், தைராய்டு, பிட்யூட்டரி, நுரையீரல், கல்லீரல், அரிதாக இதயத் தசை.

வால் விஷயம் இங்கேயும் உண்டு. பிடி-1 இருப்பது நாம் காப்பாற்ற வேண்டிய டி செல்லின் மேலேயே. ஆகவே அந்த இரண்டு மருந்துகளையும் கொல்லும் திறன் குறைந்த ஐஜிஜி4 வகையில் செய்திருக்கிறார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பிடி-1-ஐ மறைக்காமல், அதன் அடக்கும் சிக்னலைக் கிளப்பிவிடும் பெரெசோலிமாப் என்ற ஆன்டிபாடியை முடக்குவாதத்தில் சோதித்து, பலன் தெரிந்ததாக 2023-இல் முடிவு வெளியானது. ஒரே புரதத்துக்கு எதிரான இரண்டு ஆன்டிபாடிகள் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. அது இன்னும் புழக்கத்தில் உள்ள மருந்தல்ல, ஆனால் இந்தப் பக்கத்தில் சொல்லவரும் விஷயத்துக்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது.

ரிடுக்சிமாப் எந்த வகை?

கொல்லும் வகை. பி செல்லில் உள்ள சிடி20-இல் ஒட்டி அந்தச் செல்லையே அழிக்கிறது. 1997 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று) முதல் முடக்குவாதம் வரை பயன்படுகிறது. ஆன்டிபாடி உற்பத்தி செய்யும் பிளாஸ்மா செல்லில் சிடி20 கிடையாது, அதனால் பழைய தடுப்பூசிகளால் வந்த பாதுகாப்பு ஒரே நாளில் போய்விடாது. புதிதாகப் போடும் தடுப்பூசிக்குத்தான் பல மாதங்களுக்குப் பதில் மோசமாக இருக்கும். அலெம்டுசுமாப் சிடி52 வழியாக டி, பி இரண்டையும் காலி செய்கிறது. விசித்திரம் என்னவென்றால், மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸுக்கு (மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பே தாக்கும் நோய்க்கு) அதை வாங்கியவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு, செல்கள் திரும்ப வளரும் காலத்தில் தைராய்டைத் தாக்கும் புதிய தன்னெதிர்ப்பு நோய் வந்தது.

செல்லைக் கொல்லாமலும் தூண்டாமலும் இருக்கும் ஆன்டிபாடி ஆபத்தில்லாததா?

இல்லை. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸுக்குக் கொடுக்கும் நடாலிசுமாப், லிம்போசைட்டின் ஆல்ஃபா-4 இன்டெக்ரின் என்ற ஒட்டுப் புரதத்தை மறைக்கிறது, செல் ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்து மூளைக்குள் நுழைய முடியாது. செல் சாகவில்லை, ரத்தத்தில் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஆனால் மூளையைக் காவல் காக்கும் செல்லும் உள்ளே போகவில்லை. ஜேசி வைரஸ் தலையெடுத்து மூளையைச் சிதைக்கும் பிஎம்எல் நோய் சிலருக்கு வந்தது. 2004 நவம்பரில் வந்த மருந்து 2005 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டு, 2006-இல் கடுமையான கண்காணிப்போடு திரும்பியது. சொரியாசிஸுக்கு வந்த எஃபாலிசுமாப் அதே நோயால் 2009-இல் திரும்பப் பெறப்பட்டது.

டைப் 1 சர்க்கரை நோயைத் தள்ளிப்போடும் ஆன்டிபாடி இருக்கிறதாமே?

டெப்லிசுமாப். இது ஓகேடி3-இன் வாரிசு: மனிதமயமாக்கி, வாலில் இரண்டு அமினோ அமிலங்களை மாற்றி, எஃப்சி ஏற்பிகள் சரியாகப் பிடிக்க முடியாதபடி செய்தது. தூண்டுதல் வெகுவாகக் குறைந்தது, அடக்கும் குணம் தங்கியது. நோய் வரும் அபாயம் அதிகமுள்ள 76 பேரிடம் நடந்த சோதனையில், 14 நாள் ஒரே ஒரு சுற்று சிகிச்சை நோய் வருவதற்கான இடைநிலைக் காலத்தை 24 மாதங்களிலிருந்து 48 மாதங்களாக்கியது. 2022 நவம்பரில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. தன் கணையத்தைத் தானே அழிக்கும் நோய்க்கு முன்னால் ஒரு குழந்தைக்கு இன்சுலின் இல்லாத இரண்டு வருடங்கள் கிடைப்பது பெரிய விஷயம். இதன் வேர் 1980-களில் சிடி3 ஆன்டிபாடியின் வாலைப் பற்றி நடந்த அடிப்படை ஆய்வுகளில் இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு இந்த வகை ஊசி தொடங்கப் போகிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

எந்தப் புரதத்துக்கு எதிரானது, அது செல்லைக் கொல்லுமா தடுக்குமா என்று கேளுங்கள், மருத்துவர் சொல்வார். ரிடுக்சிமாப் என்றால் ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிந்துவிட்டதா என்று கட்டாயம் கேளுங்கள், உடம்பில் பதுங்கியிருக்கும் வைரஸ் கிளம்பிவிடும் அபாயம் உண்டு. தேவையான தடுப்பூசிகளை ஊசி தொடங்குமுன் போட முடியுமா என்றும் கேட்கலாம். பிடி-1 வகை மருந்து வாங்குபவருக்கு வயிற்றுப்போக்கு, மூச்சு வாங்குதல், தாங்க முடியாத சோர்வு வந்தால் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காமல் சிகிச்சை தரும் மருத்துவரிடம் அன்றே சொல்லிவிடுங்கள். சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் இவை வரலாம்.

ஆய்வகத்தில் நானே செய்து பார்க்கப் போகிறேன். எங்கே சறுக்கும்?

முதலில் குப்பியைப் பாருங்கள். ஃப்ளோவுக்கு விற்கும் ஆன்டிபாடியில் பெரும்பாலும், கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் அசைடு இருக்கும், அது செல்லின் சுவாசத்தையே நிறுத்தும். அதைக் கல்ச்சரில் ஊற்றிவிட்டு "இந்த ஆன்டிபாடி பெருக்கத்தைத் தடுக்கிறது" என்று எழுதினால் அந்த முடிவு அசைடின் முடிவு. அதே போல எண்டோடாக்ஸின் (பாக்டீரியா நச்சு) இருந்தால் மோனோசைட்டுகள் கிளம்பி, ஆன்டிபாடி தூண்டியது போலத் தோன்றும். இரண்டும் இல்லாத தரத்தில் வாங்குங்கள், அதே வகை வால் உள்ள, ஆனால் இலக்கில் ஒட்டாத ஐசோடைப் கன்ட்ரோலையும் (ஒப்பீட்டு ஆன்டிபாடியையும்) அதே தரத்தில் வாங்குங்கள்.

சிடி3 ஆன்டிபாடியைத் தட்டில் பூச வழக்கமான பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) போதும், மில்லிலிட்டருக்கு 1 முதல் 5 மைக்ரோகிராம், 37 டிகிரியில் இரண்டு மணி நேரம் அல்லது குளிரில் ஓர் இரவு. செல் போடும் முன் கழுவுங்கள். சிடி28-ஐக் கரைசலாகவே சேர்க்கலாம். ஒரே ஓர் அளவில் செய்து முடிவு சொல்லாதீர்கள், அளவு ஏற ஏறப் பதில் ஏறி ஓர் இடத்துக்கு மேல் இறங்குவதும் உண்டு. தூண்டலின் அடையாளங்கள் வெவ்வேறு நேரத்தில் வருவதால் நேரமும் முக்கியம்: செல்லுக்குள் கால்சியம் நிமிடங்களில் ஏறும், சிடி69 சில மணி நேரத்தில் வரும், சிடி25-க்கு ஒரு நாள், செல் பிளவுபடுவதைப் பார்க்க மூன்று நான்கு நாள்.

ஓகேடி3 போட்ட செல்களை மறுபடி சிடி3 நிறத்தில் சாயமிட்டுத் தேடினால் டி செல்லே இல்லாதது போலத் தெரியும், ஏற்பி உள்ளே போயிருக்கும் அல்லது ஒட்டும் இடம் ஏற்கெனவே நிறைந்திருக்கும். சிடி4, சிடி8 வைத்துப் பிரியுங்கள். ரிடுக்சிமாப் வாங்கிய நோயாளியின் பி செல்லை சிடி19 வைத்துத் தேட வேண்டியதும், பெம்ப்ரோலிசுமாப் வாங்கியவரிடம் பிடி-1 குறைவு என்று அவசரப்பட்டு எழுதக் கூடாததும் இதனால்தான்.

ரத்தம் கொடுத்தவர்களை ஒன்றாகக் கூட்டிச் சராசரி மட்டும் போடாமல், ஒவ்வொருவருடைய புள்ளியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். கரைசலாகப் போட்ட ஆன்டிபாடிக்கு ஒருவருடைய செல் மட்டும் அசையவில்லை என்றால் அவரைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதே செல்லைப் பூசிய தட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே பதில் வந்தால் அவருடைய டி செல் நன்றாக இருக்கிறது, பார்க்க வேண்டியது மோனோசைட்டின் எஃப்சி ஏற்பியை.